வெல்லஸ்ஸ வழியில் ஒரு வஞ்சித்திணை

நேயர்களே, பதுளையிலிருந்து பசறைப் பக்கம் போகும் பஸ் வண்டியில் ஏறியவர்கள் வழியில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டிருப்பார்கள். 'ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம்' என்பது அப்பலகை. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஸ்பிரிங்வெளியில் பிறந்து வளர்ந்து, இன்று இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் நானும் அந்தப் பெயரை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஊவா நாம் வாழும் மாகாணம். அது தெரியும். வெல்லஸ்ஸ எது? ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது, "கீழே பிபிலைப் பக்கத்துப் பழைய பெயர், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். பதில் பிழையில்லை. ஆனால் அது பதிலும் இல்லை.

வெல்லஸ்ஸ என்றால் 'நூறாயிரம் வயல்' என்று பொருள் சொல்வார்கள். அந்த வயல்களை அழித்த யுத்தமொன்று 1817இலும் 1818இலும் நடந்தது. சரித்திரப் பாடநூலில் அதற்கு 'ஊவாக் கலகம்' என்று பெயர். காரணங்கள், தலைவர்கள், விளைவுகள் என்று எண்ணிட்டு மனனம் செய்து நாமும் பரீட்சை எழுதினோம். எழுதி முடித்ததும் மறந்தோம். உண்மையைச் சொல்வதானால், அது நமது யுத்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்டிப் பிரதானிகளுக்கும் வெள்ளையருக்கும் இடையே நடந்த வழக்கு அது என்றும், நம் பாட்டன்மார் வருவதற்கு முன்னரே அது தீர்ந்துவிட்டது என்றும் எண்ணியிருந்தோம். தலைவராக நின்ற கெப்பெட்டிபொலவின் பெயரைக்கூட, அப்பெயர் கொண்ட ஊரிலுள்ள மரக்கறிச் சந்தையின் விலைப்பட்டியலில் கேட்டவர்களே நம்மிடையே அதிகம்.

என் தாத்தா நமுனுகுல மலையைக் காட்டி அடிக்கடி ஒன்று சொல்வார். "நம்ம ஆளுக வரும்போது இது வெறுங்காடு தம்பி. ஒரு குஞ்சு குருவி கிடையாது. நம்ம ஆளுக ரத்தம் சிந்தித்தான் இது மலையாச்சு." ரத்தம் சிந்தியது உண்மை. அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 'வெறுங்காடு' என்ற சொல்லை நான் ஐயப்படத் தொடங்கியது ஒரு பயணத்தின் பின்னர்தான்.

கருத்தரங்கொன்றில் அறிமுகமான சிங்கள ஆசிரியர் ஒருவர், தம் தாயாரின் மூன்று மாத தானத்துக்கு வரும்படி அழைத்திருந்தார். பிபிலைக்கு அப்பால் அவருடைய ஊர். நான் அந்த வழியே அதிகம் போனவனல்லன். 1983 ஜூலையில் பதுளை நகரில் கடைகளும் வீடுகளும் எரிந்தபின், பசறை தாண்டிக் கீழே போவதென்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யோசிப்பார்கள். அந்த யோசனை வயதோடு என்னிலும் ஊறியிருந்தது. ஆயினும் சாவீட்டு அழைப்பைத் தட்டக் கூடாது என்று அம்மா சொன்னார். போனேன்.

பசறை வரை தேயிலை. லுணுகலை வரையும் வளைவுக்கு வளைவு தேயிலையும் லயங்களும் கோயிற் கோபுரங்களும். அதன்பின் பாதை இறங்கத் தொடங்குகிறது. குளிர் போய்விடுகிறது. றப்பர் வருகிறது, பிறகு காடும் சேனையும் வருகின்றன. காது அடைத்துத் திறக்கும்போது வேறொரு நாட்டுக்கு வந்தாற்போல வெயிலும் சமவெளியும் விரிகின்றன. ஊவா என்றால் மலை என்று நாற்பது வருடங்களாக நினைத்திருந்தவனுக்கு, மாகாணத்தின் பெரும்பகுதி இந்தச் சமவெளிதான் என்பது அன்றுதான் உறைத்தது.

பிக்குமார் தானம் ஏற்றுச் சென்றபின் வீட்டில் ஆரவாரம் அடங்கியது. ஆசிரியரின் தகப்பனார் எண்பதைக் கடந்தவர். மனைவியை இழந்த துயரில் வீட்டுக்குள் இருக்க முடியாமல், என்னையும் மகனையும் அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார். புதர் மண்டிய நீண்ட மண்மேடொன்றின் மீது ஏறி நின்றோம்.

"சேர், இது குளம் இல்லை, குளம் இருந்த இடம்" என்றார் சிங்களத்தில்.

"எப்போது உடைந்தது, மாமா?" என்று கேட்டேன். மாமா என்ற சொல் இரு மொழிக்கும் பொது. அதனால் மரியாதைக்குச் சிரமமில்லை.

"உடையவில்லை, உடைத்தார்கள் என்றுதான் எங்கள் தாத்தா சொல்வார். இங்கிரீசிக்காரர் காலத்தில், பெரிய சண்டையில்." சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "சேர், எங்கள் ஆட்கள் யாருக்காக அந்தச் சண்டைக்குப் போனார்கள், தெரியுமா? துரைசாமி என்ற ராஜாவுக்காக. துரைசாமி உங்கள் ஆட்களுடைய பெயர் அல்லவா?"

நேயர்களே, எங்கள் லயத்திலேயே இரண்டு துரைசாமிகள் இருந்தார்கள். அந்தப் பெயரை வெல்லஸ்ஸக் குளக்கட்டில் நின்று ஒரு சிங்கள முதியவர் சொல்லக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சரித்திர நூல்களைத் தேடினேன். மாணவனாக மனனம் செய்த அதே செய்திகள், குளக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறுவிதமாகப் பேசின.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. அவன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். இரண்டே வருடங்களில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மனக்குறை மூண்டது. வெல்லஸ்ஸப் பிரதானியின் அதிகாரத்தைக் குறைக்கும் வகையில், பொதிமாட்டுத் தவளங்களுக்குப் பொறுப்பான பதவியொன்றை வெள்ளையர் தமக்கு வேண்டிய முஸ்லிம் ஒருவருக்கு வழங்கினர். இது நெருப்புக்கு நெய்யாயிற்று. இந்த வேளையில், நம் பாட்டிமார் நேர்த்தி வைத்து முடியிறக்கிய கதிர்காமத்தில் ஒருவன் தோன்றி, கதிர்காமத் தெய்வம் தன்னை அரசனாக்கியது என்றான். நாடு கடத்தப்பட்ட அரசனின் உறவினன் என்றும், பெயர் துரைசாமி என்றும் சொன்னான்.

அவன் உண்மையில் துரைசாமியும் அல்லன், நாயக்கனும் அல்லன். துறவாடையைக் களைந்த ஒரு பிக்கு. வில்பாவ என்பதே அவன் பெயராகச் சரித்திரத்தில் நிற்கிறது. அந்த வேடம் பிற்பாடு கலைந்தது. நம் சிந்தனைக்குரியது வேடமன்று, அவன் அந்த வேடத்தைத் தேர்ந்த காரணம். அன்றைய வெல்லஸ்ஸ உழவனின் நம்பிக்கையைப் பெற விரும்பிய சிங்களவன் ஒருவன் தமிழ்ப் பெயரொன்றைச் சூட்டிக்கொண்டான். அந்தப் பெயர் அவனுக்குத் தடையாகவில்லை, தகுதியாகவே இருந்தது. அரசன் அந்நியன் என்று பிரசாரம் செய்து கண்டியைக் கைப்பற்றியவர்களுக்கு எதிராக, அதே வம்சத்தின் பெயரில் மக்கள் திரண்டனர். யார் உள்ளவர், யார் வெளியார் என்ற கணக்கு இன்று நாம் போடுவது போல அன்று போடப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1817 அக்டோபரில், கலகத்தை விசாரிக்கப் பதுளையிலிருந்து போன டக்ளஸ் வில்சன் என்ற ஆங்கில அதிகாரி அம்பு எய்து கொல்லப்பட்டார். அடக்குவதற்கு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல எதிர்த்தரப்பில் சேர்ந்தார். வெள்ளையர் தமக்குத் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார் என்பது மரபு. 1818இல் கண்டிப் பிரதேசங்கள் எங்கும் இராணுவச் சட்டம் நடந்தது. தேசாதிபதி பிரவுண்ட்றிக்கின் படைகள் நாடெங்கும் சிறு காவலரண்களை அமைத்தன. அங்கிருந்து புறப்பட்ட குழுக்கள் ஊர்களை எரித்தன. தானியமும் கால்நடையும் பறிபோயின. மறைந்து நின்று போரிடுவோரைப் பிடிக்க முடியாதபோது, அவர்களுக்குச் சோறிடும் வயலை அழிப்பது அந்த யுத்தத்தின் முறையாயிற்று. கெப்பெட்டிபொல 1818 அக்டோபர் இறுதியில் பிடிபட்டு, நவம்பரில் கண்டி போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

ஆயுதம் தாங்கியவனை விட்டு அவன் அடுப்பை அணைக்கும் இந்த முறை இங்கேயே முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ எண்பது வருடங்களின் பின் தென்னாபிரிக்காவில் போயர்களின் பண்ணைகளும் இவ்வாறே எரிந்தன. அந்த யுத்தத்தில் சிறைப்பட்ட ஏறத்தாழ 5,000 பேரை 1900ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து அடைத்ததும் இதே ஊவாவில்தான், நம் தியத்தலாவையில்தான்.

இந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்த இரவில், ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குச் சங்கடமான ஒன்று நேர்ந்தது. இதே காட்சியைப் பல வருடங்களாக நானே வகுப்பில் படிப்பித்து வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

தொல்காப்பியம் கூறும் புறத்திணைகளுள் வஞ்சி என்பது மண்ணாசையால் ஒரு வேந்தன் மற்றொருவன் நாட்டின்மேற் செல்வதைக் கூறுவது. அதன் துறைகளுள் ஒன்று எரிபரந்தெடுத்தல், அதாவது பகை நாட்டை எரியூட்டல். பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டுப் பாழ்செய்வதைப் பாடும் துறைக்கு மழபுலவஞ்சி என்றும் பெயருண்டு. புறநானூற்றின் 16ஆம் பாட்டு இதற்குச் சிறந்த உதாரணம். இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியைப் பாண்டரங்கண்ணனார் பாடியது. விளைந்த வயல் கொள்ளை போகிறது. வீட்டு மரம் தீக்கு விறகாகிறது. காவலுடைய நீர்த்துறையில் யானைகள் இறங்குகின்றன. மூட்டிய தீ அந்திச் செவ்வானம் போல எழுகிறது.

வயல், வீடு, நீர். வெல்லஸ்ஸவில் அழிந்தவையும் இந்த மூன்றுந்தாம். பாட்டைப் படிப்பித்த நான் மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? திணை வஞ்சி, துறை மழபுலவஞ்சி, அந்திவான உவமையின் நயம் காண்க என்று சொன்னேன். தீயை யார் மூட்டினான் என்பதற்குப் பாட்டில் பெயர் உண்டு, பாடியவருக்கும் பெயர் உண்டு. வயலுக்குரியவன் யார் என்று நானும் கேட்கவில்லை, மாணவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வெல்லஸ்ஸக் குளக்கட்டில் எண்பது வயது முதியவர் ஒருவரின் அருகில் நின்றபோதுதான் எனக்கு எழுந்தது.

இதற்காகப் பாண்டரங்கண்ணனாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் அரசனை வாழ்த்தினாலும் எரிந்ததை எரிந்தது என்றே சொன்னார். 'அமைதி நிலைநாட்டப்பட்டது' என்று எழுதிவைக்கவில்லை. விறகானது வீட்டு மரம் என்பதை மறைக்காமல் சொன்னதனால்தான், ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களின் பின் நாம் அந்தப் பாட்டை மறுபக்கத்தில் நின்றும் வாசிக்க முடிகிறது.

இந்த யுத்தத்தைப் பொறுத்தவரை, எரிந்ததை எரிந்தது என்று எழுதிய வெள்ளையரும் இருந்தனர். அவர்களில் இருவரை இங்கு குறிப்பிட வேண்டும். ஒருவர் படை வைத்தியர் ஜோன் டேவி. சுரங்கத் தொழிலாளர் விளக்கைக் கண்டுபிடித்த ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். யுத்தம் ஓய்ந்த மறுவருடம், 1819இல், ஊவா வழியாகப் பயணம் செய்து, பாழான ஊர்களையும் ஆளற்ற வீடுகளையும் கண்டார். 1821இல் வெளிவந்த தமது நூலில், தம் தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ 1,000 என்றும், மறுதரப்பில் இறந்தோர் 10,000 வரை இருக்கலாம் என்றும் கணித்தார். ஆங்கிலேயர் தரப்பின் இழப்பிற் பெரும்பகுதி நோயினால் நேர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மற்றவர் ஹென்றி மார்ஷல், இவரும் படை வைத்தியரே. கெப்பெட்டிபொலவோடு பழகி, அவருடைய மனவுறுதியை மதித்தவர். பின்னாளில் எழுதிய நூலில் தம் அரசின் செய்கைகளைக் கண்டித்தவர். ஆனால் அதே மார்ஷல்தான் கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடுத்துச் சென்று எடின்பரோவில் ஒரு காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். மதிப்பும் கொள்ளையும் ஒரே மனிதனிடம் சேர்ந்திருந்தன. அந்த ஓடு சுதந்திரத்துக்குப் பின்னரே நாடு திரும்பியது. இன்று கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள நினைவுச்சின்னத்தின் கீழ் இருக்கிறது. அந்தக் காலத்தில் துரோகிகள் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 19 பேரின் மீதான பழி 2016 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

இனி நமக்கு உறைக்க வேண்டிய செய்தி ஒன்று. இந்த யுத்தத்தை வெள்ளையர் தனியே நடத்தவில்லை. அவர்களுடைய இலங்கைப் படையணிகளில் மலாயரும் ஆபிரிக்கரும் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். 1818இல் நிலைமை மோசமாகவே சென்னை இராசதானியிலிருந்து சுதேசிப் படைகள் கப்பலேறி வந்தன. அந்தச் சிப்பாய்களுள் தமிழ் பேசியோர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆகவே, 'நம் பாட்டன்மார் வருமுன் தீர்ந்துபோன யுத்தம்' என்று நான் நினைத்திருந்தது தவறு. துரைசாமி என்ற பெயர் ஒரு பக்கத்தில் நின்றது. தமிழ் பேசிய கூலிச் சிப்பாய் மறுபக்கத்தில் நின்றிருப்பான். வறுமைக்குச் சம்பளம் தேடிப் புறப்பட்டவன் அவன். சில வருடங்கள் கழித்துக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த நம் முன்னோரும் அதே கரையிலிருந்து, அதே வறுமையிலிருந்து வந்தவர்களே.

யுத்தத்தோடு கண்டிப் பிரதானிகளின் பலம் ஒடிந்தது. பாதைகள் திறந்தன. பாதைகளின் வழியே கோப்பி ஏறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியது என்றது. அந்த நிலம் தோட்டங்களுக்குக் கைமாறியது. மலைச்சரிவில் காடு இருந்தது என்று தாத்தா சொன்னது பொய்யல்ல. ஆனால் கிராமத்தானுக்கு அந்தக் காடு சேனையும் மேய்ச்சலும் விறகுமாகும். கையில் உறுதிப்பத்திரம் இல்லை என்பதால் அது 'வெறுங்காடு' ஆயிற்று. அந்த வெறுங்காட்டில்தான் நம்மவர் இறக்கிவிடப்பட்டனர். பின்னர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964இன் ஒப்பந்தத்தாலும் நாமே உறுதிப்பத்திரம் இல்லாத மனிதராக்கப்பட்டோம். காணியை இழந்தவரும் குடியுரிமையை இழந்தவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு, ஒரே பஸ்ஸில் இத்தனை காலம் பயணம் செய்திருக்கிறோம்.

நம் சரித்திரம் கோப்பியோடு தொடங்குகிறது என்று மலையகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அதற்கு முந்திய அத்தியாயம் ஒன்று உண்டு, அது வெல்லஸ்ஸவில் எழுதப்பட்டது என்று சொல்ல நான் இப்போது தயங்குவதில்லை. அதைச் சொல்வதால் நம் முன்னோர் சிந்திய வியர்வையின் பெருமை குறையாது. பக்கத்து ஊரவனின் துயரத்தை அறிந்தவன் தன் துயரத்தைச் சொல்லும்போது, அவனுக்குச் செவிசாய்ப்போர் கூடுவர் அல்லவா?

சென்ற தவணையில் 16ஆம் பாட்டுக்கு மீண்டும் வந்தோம். வழக்கம்போலத் திணை, துறை, உவமை எல்லாம் சொன்னேன். பின்னர் வெல்லஸ்ஸவின் கதையைச் சொல்லி, "இந்த வயல் யாருடையது?" என்று கேட்டேன். வகுப்பு சற்று நேரம் மௌனமாக இருந்தது. முன்பு வெல்லஸ்ஸ எது என்று கேட்ட அதே மாணவி எழுந்தாள். "சேர், தீ மூட்டினவருக்குத்தான் அது அந்திவானம். வயற்காரருக்கு அது அடுத்த வருஷச் சோறு" என்றாள்.

பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தில் இப்படியொரு விடைக்கு இடமிருக்கிறதோ இல்லையோ, நான் அவளுக்கு முழுப் புள்ளியும் இட்டேன். தானத்துக்குப் போன வீட்டு மாமாவுக்கும் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சற்றுப் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பிள்ளையை ஒருநாள் குளத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்" என்றார். அடுத்த விடுமுறையில் வகுப்போடு போவதாக இருக்கிறோம்.